வெள்ளை அணுக்களின் நினைவாற்றல்

காட்டு வழியில் நடப்பவர் காலில் முள் தைப்பது புதிதன்று. முள்ளைப் பிடுங்கி எறிந்துவிட்டு அவரவர் வேலையைப் பார்க்கப் போய்விடுகிறோம். மறுநாள் அவ்விடம் சிவக்கிறது, தொட்டால் சுடுகிறது, வீங்கி வலிக்கிறது. இரண்டொரு நாளில் வெண்மையாகச் சீழ் கோத்துக்கொள்கிறது. சில வேளைகளில் தொடையிடுக்கில் நெறியும் கட்டிவிடுகிறது. “கெட்ட இரத்தம் சேர்ந்துவிட்டது” என்று வீட்டிலுள்ள பெரியவர்கள் சொல்வார்கள். உண்மை அதற்கு மாறானது. அந்தச் சீழில் பெரும்பகுதி, முள்ளுடன் உள்ளே புகுந்த கிருமிகளோடு போரிட்டு மடிந்த நல்ல அணுக்களே ஆகும். நம் இரத்தத்தில் உள்ள வெள்ளை அணுக்களே அவை. அவற்றின் பணியையும், குறிப்பாக அவற்றுள் ஒரு சாராருக்கு அமைந்துள்ள வியத்தகு நினைவாற்றலையும் பற்றி இத்திங்கள் இப்பகுதியில் காண்போம். ஊர் விட்டு ஊர் வந்து வாழும் நம் குடும்பங்களுக்கு இதில் தனிப்பட்ட அக்கறை ஒன்று உண்டு. அதைப் பின்னர்க் கூறுவோம்.

வளர்ந்த மனிதர் ஒருவரின் உடலில் ஏறக்குறைய 5 லிட்டர் இரத்தம் ஓடுகிறது. அதில் ஒரு கன மில்லிமீட்டர் அளவை, அதாவது குண்டூசித் தலையளவே உள்ள சிறு துளியை, நுண்பெருக்கியின்கீழ் வைத்து எண்ணினால் சிவப்பு அணுக்கள் 45 முதல் 50 இலட்சம் வரை இருக்கும். வெள்ளை அணுக்களோ 4,000 முதல் 11,000 வரைதான் இருக்கும். அறுநூறு எழுநூறு சிவப்பு அணுக்களுக்கு ஒரு வெள்ளை அணு என்று வைத்துக்கொள்ளலாம். சிவப்பு அணுக்கள் மூச்சுக்காற்றைச் சுமந்து செல்லும் கூலியாட்கள். வெள்ளை அணுக்கள் காவலர்கள். இரு சாராரும் பிறப்பது எலும்பின் உள்ளே உள்ள மச்சையில்.

இக்காவலர்கள் செய்யும் வேலையை முதன்முதலில் விளங்கக் கண்டவர் இலியா மெச்னிகாவ் என்னும் ரஷ்ய அறிஞர். 1882-ஆம் ஆண்டு இத்தாலி நாட்டுச் சிசிலித் தீவிலுள்ள மெஸ்ஸினா நகரில் அவர் தங்கியிருந்தார். கண்ணாடி போல் உள்ளே தெரியும் உடலையுடைய நட்சத்திர மீன் குஞ்சுகளை வைத்து ஆராய்ந்துகொண்டிருந்தவர், ஒரு செடியின் முள்ளை எடுத்து அக்குஞ்சின் உடலில் குத்திவைத்தார். மறுநாள் பார்த்தபோது அந்த முள்ளைச் சுற்றி அணுக்கள் கூட்டமாக வந்து மொய்த்திருந்தன. நம் காலில் முள் தைத்தால் நேர்வதும் இதுவே என்று அவர் துணிந்தார். வேண்டாத பொருளையும் கிருமியையும் இவ்வணுக்கள் சூழ்ந்து விழுங்கிச் செரித்துவிடுகின்றன என்று நிலைநாட்டினார். 1908-ஆம் ஆண்டின் நோபல் பரிசு அவருக்கும் பால் எர்லிக் என்னும் ஜெர்மானிய அறிஞருக்கும் பகிர்ந்தளிக்கப்பட்டது.

வெள்ளை அணுக்கள் யாவும் ஒரே வகையின அல்ல. காய்ச்சல் என்று வைத்தியரிடம் சென்றால் இரத்தப் பரிசோதனைக்கு எழுதித் தருகிறார். பரிசோதனைச் சாலையில் தரும் தாளில் ஐந்து பெயர்கள் வரிசையாக இருப்பதைப் பலரும் பார்த்திருப்பீர்கள். அவற்றுள் முதலாவது நியூட்ரோபில். பெரியவர்களின் வெள்ளை அணுக்களில் பாதிக்கு மேற்பட்டவை இவையே. ஊரில் கூக்குரல் கேட்டதும் தடியை எடுத்துக்கொண்டு முதலில் ஓடி வரும் தலையாரியைப் போன்றவை இவை. முள் தைத்த இடத்திற்கு முதலில் விரைபவையும், சீழாகி மடிபவையும் பெரும்பாலும் இவையே. இவற்றின் ஆயுள் மிகக் குறைவு; ஆகையால் மச்சையானது நாள்தோறும் ஏறக்குறைய 10,000 கோடி நியூட்ரோபில்களைப் புதிதாகச் செய்து அனுப்பிக்கொண்டே இருக்கிறது. மானோசைட் என்பவை இரத்தத்தை விட்டு வெளியேறித் திசுக்களில் தங்கிப் பருத்து, கிருமிகளோடு மடிந்த அணுக்களையும் விழுங்கித் துப்புரவு செய்கின்றன. ஈஸ்னோபில் என்பவை புழுக்களை எதிர்ப்பவை. ஒவ்வாமையிலும் இவை பெருகும். ஓயாத இருமலுக்கு ‘ஈஸ்னோபீலியா’ என்று நம் மக்கள் சொல்வது இவற்றின் பெருக்கத்தை வைத்துத்தான். பேஸோபில் என்பவை மிகச் சிலவே. ஒவ்வாமையில் இவற்றுக்கும் பங்கு உண்டு.

இந்த எண்ணிக்கையைப் பற்றி ஒரு வார்த்தை. காவலர் மிகுந்தால் நல்லதுதானே என்று எண்ணிவிடக் கூடாது. கிருமி புகுந்து போர் நடக்கும்போது எண்ணிக்கை உயரும். டெங்குக் காய்ச்சல் போன்ற சிலவற்றில் குறையும். இரத்தப் புற்றுநோயில் அளவின்றிப் பெருகியும், அவ்வணுக்கள் முதிர்ச்சி பெறாமையால் காவலுக்கு உதவா. ஆகையால் தாளில் உள்ள எண்ணைக் கண்டு நாமாக அஞ்சுவதும், நாமாக மகிழ்வதும் வேண்டா. அதை நோயாளியின் நிலையோடு சேர்த்துப் பார்த்துப் பொருள் சொல்ல வேண்டியவர் வைத்தியரே.

ஐந்தாவது வகை லிம்ஃபோசைட் எனப்படும் நிண அணுக்கள். நாம் சிறப்பாகக் கருத வேண்டியவை இவையே. தலையாரிக்கு இன்ன திருடன் என்ற வேறுபாடு பெரிதாக இல்லை. அயலான் என்று கண்டால் அடிப்பான். நிண அணுக்களோ ஊர்க் கணக்குப்பிள்ளையைப் போன்றவை. கன்னட நாட்டில் சானபோகர் என்பார்களே, அவரைப் போன்றவை. வந்தவன் யார், அவன் அங்க அடையாளம் என்ன என்று பதிந்து வைத்துக்கொள்பவை. கழுத்திலும் அக்குளிலும் தொடையிடுக்கிலும் உள்ள நிணக் கணுக்களே இவற்றின் சாவடிகள். காலில் புண் வந்தால் தொடையிடுக்கில் நெறி கட்டுவது, அச்சாவடியில் ஆட்கள் திரண்டு வேலை மும்முரமாக நடக்கிறது என்பதற்கு அடையாளம்.

இவற்றுள்ளும் இரு பிரிவுகள் உள. ‘பி’ வகை அணுக்கள் ஒவ்வொரு கிருமிக்கும் பூட்டுக்கேற்ற சாவி போலப் பொருந்தும் எதிர்ப்பொருள்களைச் செய்து இரத்தத்தில் விடுகின்றன. எதிர்ப்பொருள் ஒட்டிக்கொண்ட கிருமி செயலற்றுப் போகும். விழுங்கும் அணுக்களுக்கும் எளிதில் இரையாகும். ‘டி’ வகை அணுக்களில் சில, கிருமி குடிபுகுந்த அணுக்களைத் தேடி அழிக்கின்றன. வேறு சில, மற்ற காவலருக்கெல்லாம் ஆணையிட்டு நடத்துகின்றன. புதிய கிருமி ஒன்று முதன்முறை வரும்போது இத்தனையும் ஆயத்தமாக ஒரு வாரம், இரு வாரம்கூடச் செல்லும். அதற்குள் நோய் முற்றிவிடலாம். ஆனால் பிழைத்துக்கொண்டால், அப்போரில் பழகிய நிண அணுக்களில் ஒரு சிறு பகுதி மடியாமல் தங்கிவிடுகிறது. அதே கிருமி பல ஆண்டுகள் கழித்து வந்தாலும், “இவனை நாம் அறிவோம்” என்று அவை உடனே கிளம்பிவிடும். மணல்வாரி ஒருமுறை வந்தவருக்கு மறுமுறை வருவது அரிது என்று நம் பாட்டிமார் அறிந்திருந்தது இதனால்தான்.

இந்நினைவு எவ்வளவு காலம் நிற்கும்? 1918-ஆம் ஆண்டு உலகெங்கும் கொள்ளைநோயாகப் பரவிய இன்புளூயன்சாக் காய்ச்சலைக் குழந்தைப் பருவத்தில் கண்டு பிழைத்து, 90 வயதைக் கடந்து வாழ்ந்த சிலரின் இரத்தத்தை அறிஞர்கள் சோதித்து 2008-ஆம் ஆண்டில் முடிவை வெளியிட்டனர். அக்கிருமியை அடையாளம் கண்டு எதிர்க்கும் அணுக்கள் அவர்கள் உடலில் இன்னும் இருந்தன. மனிதன் மறந்துவிட்டதை அவன் இரத்தம் மறக்கவில்லை!

நோயை அனுபவித்துத்தான் இந்த நினைவைப் பெற வேண்டுமா? பெரியம்மை என்னும் வைசூரியில் அந்த விலை மிகப் பெரிதாக இருந்தது. பலர் மாண்டனர்; பிழைத்தவருள் சிலர் கண்ணிழந்தனர்; முகத்தில் வடு நின்றது. இங்கிலாந்தில் எட்வர்டு ஜென்னர் என்னும் வைத்தியர் 1796-ஆம் ஆண்டு மே மாதம் 14-ஆம் நாள், பசுவின் அம்மை கண்ட பால்காரப் பெண்ணின் கைக்கொப்புளத்திலிருந்து எடுத்த நீரை ஒரு சிறுவனுக்குக் குத்தினார். பின்னர் அவனுக்குப் பெரியம்மைச் சீழைக் குத்திச் சோதித்தும் நோய் வரவில்லை. பசுவம்மைக் கிருமி பெரியம்மைக் கிருமிக்கு நெருங்கிய உறவு. ஆனால் மனிதனைக் கொல்லும் வலிமையற்றது. சாதுவான தம்பியைக் காட்டிக் கொடிய அண்ணனின் முகச்சாயலை நிண அணுக்களுக்குக் கற்பித்துவிட்டார் ஜென்னர். வெள்ளை அணுக்களின் இந்த ஆற்றலை எவரும் அறியாத காலம் அது. ஆயினும் முறை பலித்தது.

இம்முறை நம் நாட்டுக்கு வந்த வரலாற்றில் நாம் குடியேறி வாழும் இம்மைசூர் நாட்டுக்கும் பெருமைக்குரிய பங்கு உண்டு. 1802-ஆம் ஆண்டு ஜூன் 14-ஆம் நாள் பம்பாயில் அன்னா டஸ்தால் என்னும் மூன்று வயதுக் குழந்தைக்கு முதன்முதலாக அம்மை குத்தப்பட்டது. அன்று புட்டிகளில் மருந்து அனுப்பும் வசதி இல்லை. ஒரு கையில் எழுந்த கொப்புளத்திலிருந்து எடுத்து மற்றொரு கையில் குத்தினார்கள். இப்படிக் கை மாறிக் கை மாறியே அது ஊர் ஊராகச் சென்றது. யார் கையிலிருந்து எடுத்ததோ என்ற தயக்கம் மக்களுக்கு இருந்தது. இந்நிலையில் 1805-ஆம் ஆண்டு, இளவயது அரசரான மூன்றாம் கிருஷ்ணராஜ உடையாரின் அரண்மனையில், அவருக்கு மணமகளாக வந்த தேவாஜம்மணி அம்மை குத்திக்கொண்டார். அதே காலத்தில் தாமஸ் ஹிக்கி என்னும் ஓவியர் தீட்டிய படம் ஒன்றில் மூன்று பெண்மணிகள் நிற்கின்றனர். அவர்களுள் ஒருவர் சேலையை விலக்கித் தம் மேற்கையைச் சுட்டுகிறார். நெடுங்காலம் ஆடல் மகளிரின் படம் என்று கருதப்பட்டுவந்த அது, மைசூர் அரச மகளிரின் படமே என்றும், அம்மை குத்திய இடத்தைக் காட்டி மக்களுக்கு ஊக்கமளிக்க எழுதப்பட்டது என்றும் வரலாற்றாசிரியர் நைஜல் சான்ஸலர் 2001-ஆம் ஆண்டில் எடுத்துரைத்தார். அரண்மனைப் பெண்கள் முகத்தைக் காட்டுவதே அரிதாயிருந்த நாளில், ஊராருக்காகத் தம் கையைக் காட்டினார் ஓர் அரசி!

ஹனூர் அந்நாளில் மைசூர் அரசில் அடங்கியதன்று. அப்போது கொள்ளேகால் வட்டத்தைச் சேர்ந்திருந்த இவ்வூர், 1956-ஆம் ஆண்டு நவம்பர் 1-ஆம் நாள் மாநிலங்கள் திருத்தி அமைக்கப்படும் வரை சென்னை மாநிலத்துக் கோயம்புத்தூர் மாவட்டத்தில் இருந்தது. பிறகு மைசூர் மாவட்டத்திலும், 1997 முதல் சாமராஜநகர் மாவட்டத்திலும் சேர்ந்தது. சென்னை மாகாணத்துக்கு வேண்டிய அம்மைப்பால், 1899-இல் தோன்றிய கிண்டி கிங் இன்ஸ்டிடியூட்டில் கன்றுகளைக் கொண்டு தயாரிக்கப்பட்டது. அம்மை குத்துபவர் வருகிறார் என்றால் பிள்ளைகள் சோளக்கொல்லையில் ஒளிந்துகொள்வார்கள். தாய்மார் அவர்களைத் தேடிப் பிடித்து இழுத்து வருவார்கள். அந்த இழுபறியின் பயன் சிறிதன்று. 1975-ஆம் ஆண்டு மே மாதத்தோடு இந்தியாவில் பெரியம்மை ஒழிந்தது. 1980-ஆம் ஆண்டு மே 8-ஆம் நாள், உலகிலேயே அந்நோய் இல்லை என்று உலக சுகாதார மன்றம் அறிவித்தது. இன்று 50 வயதைக் கடந்தவர்களின் மேற்கையில் உள்ள வட்ட வடு அப்போரின் வெற்றி முத்திரை.

நினைவைக் கற்பிக்க முடியும் என்பதைக் கண்டோம். அதை அழிக்கவல்ல நோய்களும் உள்ளன. 1986-ஆம் ஆண்டில் சென்னை மருத்துவக் கல்லூரியைச் சேர்ந்த டாக்டர் சுனீதி சாலமன் அவர்களும் அவருடைய மாணவி செல்லப்பன் நிர்மலா அவர்களும் சேகரித்த இரத்த மாதிரிகள் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் சோதிக்கப்பட்டன. எச்.ஐ.வி. என்னும் கிருமி இந்தியாவுக்குள் வந்துவிட்டது என்பது அப்போதுதான் முதன்முதலாகத் தெரிந்தது. காவலருக்கு ஆணையிடும் ‘டி’ அணுக்களையே அக்கிருமி தாக்குகிறது. தளபதி வீழ்ந்தால் படை சிதறுவது போல, எளிய நோய்களும் அதன்பின் கொல்லும் நோய்களாகின்றன. 2004 முதல் அரசு மருத்துவமனைகளில் இலவசமாகத் தரப்படும் மருந்தை ஒழுங்காக உண்பவர் அத்தளபதிகளைக் காத்துக்கொண்டு நெடுநாள் வாழ முடிகிறது.

மற்றொன்று, நாம் அற்பமாக எண்ணும் மணல்வாரி; தட்டம்மை என்றும், கன்னடத்தில் ‘தடார’ என்றும் சொல்வார்கள். இது வந்து போனால் சரியாகிவிடும் என்று வேப்பிலை கட்டிவிட்டு இருந்துவிடுகிறோம். ஆனால் இக்கிருமி குடிபுகுவதே நினைவு அணுக்களில்தான். 2019-ஆம் ஆண்டில் வெளியான ஆராய்ச்சி ஒன்றில், ஊசி போட்டுக்கொள்ளாமல் மணல்வாரி கண்ட நெதர்லாந்து நாட்டுக் குழந்தைகள் 77 பேரின் இரத்தத்தை நோய்க்கு முன்னும் பின்னும் சோதித்தனர். மற்ற நோய்களுக்கெதிராக அவர்கள் சேர்த்து வைத்திருந்த எதிர்ப்பொருள்களில் 100-க்கு 11 முதல் 73 பங்கு வரை மறைந்து போயிருந்தது. கணக்குப்பிள்ளையின் பழைய ஏடுகளையே கரையான் தின்றது போலாகும் இது. மணல்வாரி கண்ட பிள்ளை அடுத்த பல மாதங்கள் சளி, வயிற்றுப்போக்கு என்று மாறி மாறிப் படுப்பதற்கு இதுவும் ஒரு காரணம். மணல்வாரிக்கு ஊசி போட்டுக்கொண்ட குழந்தைக்கோ இவ்விழப்பு இல்லை.

இனி, நம் குடும்பங்களுக்குரிய செய்திக்கு வருவோம். தலைப்பிரசவத்துக்குப் பெண் தாய்வீட்டுக்குச் செல்வது நம் வழக்கம். குழந்தை மேட்டூரிலோ அந்தியூரிலோ பிறக்கிறது. பிறந்த அன்று போட வேண்டியவையும், 6, 10, 14 வாரங்களில் போட வேண்டியவையும் பாட்டி வீட்டிலேயே ஒழுங்காக நடந்துவிடுகின்றன. பிறகு தாயும் சேயும் கணவன் வேலை செய்யும் ஊருக்கு வருகிறார்கள். தடுப்பூசி அட்டையோ தாய்வீட்டுப் பெட்டியிலேயே தங்கிவிடுகிறது. 9-ஆம் மாதம் வரும்போது, அது மணல்வாரி ஊசிக்குரிய மாதம் என்று நினைவூட்ட எவரும் இல்லை. அங்குள்ள செவிலியர், “குழந்தை மைசூர்ப் பக்கம் போய்விட்டது” என்று எழுதிக்கொள்கிறார். இங்குள்ள ஆஷா பணியாளரின் ஏட்டில் அக்குழந்தையின் பெயரே இல்லை. கரும்பு வெட்டுக்கும் கட்டட வேலைக்கும் குடும்பத்தோடு இடம் மாறுவோரின் பிள்ளைகளுக்கும் இதே கதிதான். எவரும் மறுக்கவில்லை, எவரும் அஞ்சவுமில்லை, இரண்டு ஊர்களுக்கு நடுவே குழந்தை விடுபட்டுப் போகிறது.

இதற்குப் பரிகாரம் கடினமன்று. தடுப்பூசி அட்டவணை நாடு முழுவதற்கும் ஒன்றே. தமிழ்நாட்டில் தொடங்கியதைக் கர்நாடகத்தில் எந்த அரசு ஆரம்ப சுகாதார நிலையத்திலும் இலவசமாகத் தொடரலாம். 2017-ஆம் ஆண்டு பிப்ரவரியில் மணல்வாரி, ரூபெல்லா இரண்டையும் தடுக்கும் ஊசி இயக்கம் தொடங்கியபோதுகூட, முதலில் தொடங்கிய மாநிலங்களில் தமிழ்நாடும் கர்நாடகமும் சேர்ந்தே இருந்தன. அட்டை தமிழில் இருக்கிறதே, இங்குள்ளவர்களுக்குப் புரியுமா என்று தயங்க வேண்டா. ஊசிகளின் பெயரும் தேதியும் எங்கும் ஒன்றே. தடுப்பூசியைக் கன்னடத்தில் ‘லசிகே’ என்பார்கள்; தாய்சேய் அட்டையைத் ‘தாயி கார்டு’ என்பார்கள். இவ்விரு சொற்களும் தெரிந்தால் போதும்.

நினைவில் வைக்க வேண்டியவை சிலவே. மணல்வாரி, ரூபெல்லா ஊசியின் முதல் தவணை 9 மாதம் நிறைந்தவுடன், 12 மாதத்துக்குள். இரண்டாம் தவணை 16 முதல் 24 மாதத்துக்குள். அவ்வயதிலும், பிறகு 5, 6 வயதிலும் தொண்டை அடைப்பான், கக்குவான், இரணஜன்னி ஆகியவற்றுக்கான ஊக்கத் தவணைகள். 10, 16 வயதுகளில் இரணஜன்னி, தொண்டை அடைப்பானுக்கான ஊசி. ஒரு தவணை விட்டுப் போயிருந்தால் முதலிலிருந்து தொடங்க வேண்டியதில்லை. விட்ட இடத்திலிருந்து தொடரலாம். நிண அணுக்கள் முன்பு கற்றதை மறந்திருக்கமாட்டா. மணல்வாரி ஊசி தவறியிருந்தால் 5 வயது வரையிலும் போடுகிறார்கள். ஆனால் சில ஊசிகளுக்கு வயது எல்லை உண்டாதலால், நாளைக் கடத்தாமல் செல்வதே நன்று.

ஊசி போட்ட இரவு குழந்தைக்குச் சற்றுக் காய்ச்சல் வந்தால், “நன்றாயிருந்த பிள்ளையைக் கெடுத்துவிட்டார்கள்” என்று அடுத்த தவணைக்குப் போகாதவர்கள் இருக்கிறார்கள். அந்தச் சிறு காய்ச்சல் பெரும்பாலும் வெள்ளை அணுக்கள் பாடம் படிப்பதன் அறிகுறி. ஓரிரு நாளில் தணியும். செவிலியர் சொன்ன மருந்தைச் சொன்ன அளவில் கொடுத்தால் போதும். தணியாவிட்டால் வைத்தியரிடம் காட்ட வேண்டும்.

வெள்ளை அணுக்களைப் பெருக்குவதாக விளம்பரம் செய்யப்படும் டானிக்குகளுக்கும் லேகியங்களுக்கும் பணத்தை இறைக்க வேண்டியதில்லை. அணுக்களைச் செய்யப் புரதம் வேண்டும். அது அவரையிலும் துவரையிலும் உளுந்திலும் கேழ்வரகிலும் முட்டையிலும் பாலிலும் உள்ளது. முதல் ஆறு மாதம் தாய்ப்பால் மட்டுமே போதும். தாயின் எதிர்ப்பொருள்களும் அதன்வழியே குழந்தைக்குச் சேர்கின்றன. போதிய உறக்கமும், சோப்புப் போட்டுக் கை கழுவும் பழக்கமும் காவலரின் சுமையைக் குறைக்கும். புகையிலை அதைக் கூட்டும்.

நம் உடலுக்குள் ஒரு பதிவேடு இருக்கிறது; அதை வெள்ளை அணுக்கள் பத்திரமாக வைத்துக்கொள்ளும். நம் கையில் ஒரு பதிவேடு இருக்கிறது. அதை வைத்துக்கொள்ள வேண்டியவர்கள் நாமே. ரேஷன் அட்டையையும் ஆதார் அட்டையையும் துணிப்பையில் சுற்றி ஊர் ஊராகச் சுமந்து வருகிறோம் அல்லவா? அவற்றோடு பிள்ளையின் தடுப்பூசி அட்டைக்கும் இடம் கொடுங்கள். தாய்வீட்டில் விட்டு வந்தவர்கள் அதைப் படம் பிடித்துச் செல்பேசியில் அனுப்பச் சொல்லுங்கள். அசல் அடுத்த பயணத்தில் வரட்டும். நம் சங்கத்து மகளிர் கூடும்போது, புதிதாகக் குடிவந்த வீட்டுத் தாயிடம், “குழந்தைக்கு எத்தனை மாதம், கடைசியாக எப்போது ஊசி போட்டது?” என்று அக்கறையோடு ஒரு கேள்வி கேட்டால், அதுவும் தொண்டேயாகும். 9-ஆம் மாதத்து ஊசி தவறிய குழந்தை உங்கள் வீட்டிலோ அண்டை வீட்டிலோ இருந்தால், இவ்வாரத்திலேயே சுகாதார நிலையத்துக்கு அழைத்துச் செல்லுங்கள்.